கூடமும் கோணல்தான்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மீது பழி போடுகிறவர்களை இடித்துரைக்க இதைச் சொல்கிறோம். சொல்லிச் சிரித்துவிட்டு அப்பால் போய்விடுகிறோம். ஆனால் நண்பர்களே, கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அளந்து பார்க்காமல் ஆடுகிறவளை மட்டும் குறை சொல்வது முறையாகுமா? அளப்பது இயற்பியல் மாணவரின் தொழில். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கூடத்தை அளந்து, திருத்திய வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரை ஆரப்பாளையத்தில் இருக்கிறது. தேனிக்கும் கோயம்புத்தூருக்கும் போகும் பேருந்துகளின் ஒலி ஓயாத தெரு. அம்மா தையல் வேலை செய்கிறார். அவருடைய தம்பி, அதாவது என் தாய்மாமன், மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பிசிக்ஸ் படிச்சா என்ன வேலைத்தா கெடைக்கும்?" என்று கேட்காத உறவினர் இல்லை.

மாமாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இந்தியாவில் அந்த நோயின் கடைசித் தாக்குதல் 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோய் ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. எங்கள் தலைமுறைக்கு அது பாடப்புத்தகச் செய்தி. மாமாவுக்கோ அது நாள்தோறும் ஏறி இறங்கும் மாடிப்படி.

மாமாவின் உயிர் ஹவாயன் கிட்டாரில் இருக்கிறது. கிட்டாரை மடியில் கிடத்தி, விரலால் அழுத்துவதற்குப் பதிலாக ஓர் எஃகு உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு என்பவர் இதை வளர்த்தார் என்பர். வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதன்று. திருவிடைமருதூர் சகாராம ராவும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் பெருமை சேர்த்த கோட்டுவாத்தியமும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்களில் ஹவாயன் கிட்டாருக்கு ஒரு நாற்காலி உண்டு. பின்னர் அந்த இடத்தையும் சேர்த்துக் கீபோர்டு பிடித்துக்கொண்டது.

இந்தக் கருவிக்கு ஓர் இயற்கையான தடை உண்டு. உருளை நேரானது. அதை எங்கே வைத்தாலும் எல்லாத் தந்திகளும் ஒரே அளவில்தான் ஏறும், இறங்கும். பக்கத்துப் பக்கமாக உள்ள மூன்று தந்திகள் க, ப, மேல் ச என்று சுருதி கூட்டப்பட்டிருந்தால், எங்கே நகர்த்தினாலும் அதே மேஜர் உறவுதான் கிடைக்கும். மைனர் வேண்டுமென்றால் ஒரு தந்தியை மட்டும் தனியே மாற்ற வேண்டும். கைகள் இரண்டுக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஆகவே அமெரிக்கர்கள் கால்களை அழைத்தார்கள். 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸ் என்ற பாடகரின் இசைத்தட்டில், பட் ஐசக்ஸ் என்ற கலைஞர் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தித் தந்தியை ஏற்றிக் காட்டினார். அதைக் கேட்ட மற்றவர்களும் மிதி பொருத்தத் தொடங்கினர். இன்றைய பெடல் ஸ்டீல் கிட்டாரில் வழக்கமாகப் பத்துத் தந்திகள், மூன்று மிதிகள், முழங்காலால் தள்ளும் நான்கைந்து நெம்புகோல்கள். இடது பாதம் மிதிகளின்மேல். வலது பாதம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிதியின்மேல். இரு முழங்கால்களும் நெம்புகோல்களுக்கு.

இரண்டு கால்களும் நன்றாக இருப்பவருக்காக வரையப்பட்ட கருவி அது என்பது இப்போது விளங்கியிருக்கும். தானே ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று மாமா பல ஆண்டுகளாக மரப்பலகையும் தந்திகளும் சேர்த்து வைத்திருந்தார். "அதுக்கு ரெண்டு காலு வேணுமப்பா, உனக்கு எதுக்கு?" என்று உடன் வாசித்த ஒருவர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்திருப்பார். மாமா மறக்கவில்லை. பலகை பரணுக்குப் போய்விட்டது. 'என் காலுக்கு அது ஒத்து வராது' என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். கால் ஒத்து வராதா, கருவி ஒத்து வராதா என்பதே என் கேள்வியாயிற்று.

விடை அம்மாவின் தையல் மேசைக்கு அடியில் இருந்தது. மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரத்தில், வலது முழங்காலுக்கு நேராக ஒரு தட்டு தொங்கும். முழங்காலால் அதைப் பக்கவாட்டில் தள்ளினால், ஊசிக்கு அருகே துணியை அழுத்திக்கொண்டிருக்கும் பாதம் மேலெழும். கைகள் துணியை விட வேண்டியதில்லை. நான் குனிந்து பார்ப்பதைக் கண்ட அம்மா, "இதுல என்னடி அதிசயம்? ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ தள்ளுறேன். வலது கால் மட்டும் இருந்தாப் போதும்" என்றார். அந்தக் கடைசிச் சொற்றொடரை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பழைய தேவாலயங்களில் இருந்த கால்மிதி ஆர்கன்களிலும் ஒலியைப் பெருக்க முழங்கால் நெம்புகோல்கள் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இனிக் கணக்கு. சுரமானிச் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். நீளமும் தடிமனும் மாறாதபோது, தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அரைச் சுரம் ஏற அதிர்வெண் 1.0595 மடங்காக வேண்டும். அப்படியானால் இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூட வேண்டும். முழுச் சுரம் ஏற 26 விழுக்காடு. இழுவிசையைக் கூட்டத் தந்தியை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை யங் குணகம் சொல்லும்.

மாமாவின் கருவியில் தந்தியின் அதிரும் நீளம் 61 செ.மீ. மூன்று தந்திகளின் அதிர்வெண்கள் முறையே க 208, ப 247, ச 330. க-வை அரைச் சுரம் ஏற்றி ம ஆக்க, 0.19 மி.மீ. நீட்டினால் போதும். ப-வை முழுச் சுரம் ஏற்றி த ஆக்க, 0.56 மி.மீ. நீட்ட வேண்டும். இங்கே இரண்டு வியப்புகள் உள்ளன. முதலாவது, உறையில்லாத எஃகுத் தந்திக்கு இந்த நீட்சி தடிமனைப் பொறுத்ததே அன்று. தடித்தாலும் மெலிந்தாலும் ஒரே விடைதான். இரண்டாவது, முழுச் சுரம் அரைச் சுரத்தின் இரு மடங்கு என்பதால் நீட்சியும் இரு மடங்கு என்று தோன்றும். கணக்கோ மூன்று மடங்கு என்கிறது. ப-வின் அதிர்வெண் க-வைவிட அதிகம். நீட்சி அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே ஒரே நெம்புகோல் இரண்டு தந்திகளையும் இழுக்க வேண்டுமானால் இரண்டு கைகளின் நீளமும் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

முழங்கால் 25 மி.மீ. நகர்கிறது, தந்தியோ அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். இந்தச் சுருக்கத்தை இரண்டு படிகளாகச் செய்தோம். தந்தி முடியும் இடத்தில் ஓர் எஃகு 'விரல்' அச்சில் ஆடுகிறது. அதன் மேல்முனையில் தந்தி. நான்கு மடங்கு தொலைவில் கீழ்முனையில் இழுகம்பி. முழங்கால் தட்டு, மேசைக்கு அடியில் ஓடும் குறுக்குத் தண்டிலிருந்து 150 மி.மீ. கீழே தொங்குகிறது. அதே தண்டில் உள்ள சிறு கைகளின் நீளம் க-வுக்கு 4.5 மி.மீ., ப-வுக்கு 13.5 மி.மீ. இழுகம்பியாக அமைந்தது சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி. அதன் நிப்பிளே சுருதியைத் திருத்தும் திருகு. ஒரு சுற்றில் கால் பங்கு திருப்பினால் காதுக்கு வேறுபாடு தெரிகிறது. இரண்டு தந்திகளையும் சேர்த்து இழுக்க முழங்காலுக்கு வேண்டிய விசை, கணக்கின்படி சுமார் 300 கிராம் எடைக்குச் சமம். உராய்வையும் மீட்புச் சுருளையும் சேர்த்தால் சற்றுக் கூடும். ஒரு குழந்தையால் தள்ள முடியும்.

ஆனால் ஒரு முழங்கால் ஒரு வேலையைத்தானே செய்யும்? மற்றவர்கள் இடது பாதத்தில் இரண்டு மிதிகளை மாற்றி மாற்றியும் சேர்த்தும் அழுத்துகிறார்கள். ப மட்டும் த ஆனால் க-த-ச என்ற மைனர் சேர்க்கை. இரண்டும் சேர்ந்து ஏறினால் ம-த-ச என்ற வேறொரு மேஜர். க மட்டும் ம ஆனால் எங்கோ போய்ச் சேரக் காத்திருப்பது போன்ற ஓர் ஏக்கம். ஒரு பாட்டுக்கு இவற்றில் ஒன்று தேவைப்படும். அடுத்த பாட்டுக்கு வேறொன்று. மாமாவின் ஒரே முழங்கால் மூன்றையும் செய்ய வேண்டும்.

இரு சக்கர வண்டியின் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும். சிறு கைகள் இரண்டையும் தண்டில் இறுக்காமல் தளர்வாக விட்டோம். நடுவே ஒரு பித்தளை வளையம். அது தண்டோடு சேர்ந்து சுழலும். ஆனால் தண்டின் நீளவாக்கில் நகரவும் செய்யும். வளையத்தின் இருபுறமும் நீட்டிய ஊசிகள். நடுவில் நிறுத்தினால் ஊசிகள் இரு கைகளின் துளைகளிலும் நுழைந்து இரண்டையும் இழுக்கும். இடப்பக்கம் தள்ளினால் க மட்டும். வலப்பக்கம் தள்ளினால் ப மட்டும். ஒவ்வொரு நிலையிலும் வளையம் நழுவாதிருக்க, சைக்கிள் பேரிங்கின் ஒரு குண்டைச் சுருளோடு வைத்து மூன்று பள்ளங்களில் விழச் செய்தோம். மாற்றும் குமிழ் மேசையின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பாட்டுகளுக்கு இடையில் கையால் ஒரு தள்ளு, 'டக்' என்று ஓர் ஒலி, அவ்வளவுதான்.

கடினமான பகுதி ஊசிக்கும் துளைக்கும் இடையே உள்ள ஆட்டம். 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தால், முழுச் சுரம் ஏற வேண்டியதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்துபோகும். குறைவு எப்போதும் ஒரே அளவாக இருந்தால் நிப்பிளைத் திருகிச் சரிசெய்துவிடலாம். தேய்ந்து தேய்ந்து மாறுகிற ஆட்டமே பகை. லேத் பட்டறைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "பாட்டுக்கு இம்புட்டுத் துல்லியமா?" என்று வியந்தார். பிறகு துளைகளுக்கு ரீமர் ஓட்டி, ஊசிகளைக் கடினமாக்கிக் கொடுத்தார். தம் கூலியைவிட அதிக நேரம் அதில் செலவிட்டார்.

1968இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ஒரு செயற்கைக் கால் செய்தார்கள். மேல்நாட்டுக் கால்கள் காலணி அணிந்து நாற்காலியில் அமர்பவருக்காக ஆனவை. நம்மவர் சம்மணமிட்டு உட்கார வேண்டும், குத்தவைக்க வேண்டும், வெறுங்காலோடு வயலில் நடக்க வேண்டும். 'உன் வாழ்க்கையை மாற்றிக்கொள்' என்று அவர்கள் நோயாளியிடம் சொல்லவில்லை. காலின் அமைப்பை மாற்றினார்கள். பட்டம் பெற்ற மருத்துவரும் பட்டறைக் கைவினைஞரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த நன்மை அது. எங்கள் சிறு முயற்சியிலும் அப்படித்தான். சூத்திரம் நம் வகுப்பறையிலிருந்து வந்தது, முழங்கால் தட்டு அம்மாவிடமிருந்து, துல்லியம் லேத் பட்டறையிலிருந்து, காது மாமாவுடையது.

சென்ற தை மாதம் ஒரு திருமண வரவேற்பில் மாமா அதை மேடையேற்றினார். கீபோர்டை அவர் வென்றுவிட்டார் என்று எழுதினால் அது பொய். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மீண்டும் கிடைத்தது, அவ்வளவே. ஒரு மெதுவான பாட்டில் ப நழுவித் த ஆனபோது, பந்திக்குப் போய்க்கொண்டிருந்த சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது கருவியை. காலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் மாமா என்னிடம், "இடப்பக்கமும் ஒண்ணு தள்ளுற மாதிரி வைக்கலாமாத்தா? உள்பக்கம் சும்மாதான கெடக்கு" என்று கேட்டார். முன்பு தம் காலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது கருவியைக் குறைசொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். 'படித்து என்ன பயன்?' என்ற கேள்வி நம் எல்லோருக்கும் பொதுவானது. வேலை கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதுவரை வீட்டில் யாராவது 'எனக்கு அது ஒத்து வராது' என்று சொன்னால், ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் முதலில் 'அதை' அளந்து பாருங்கள். அடுப்பின் உயரமோ, தண்ணீர்க் குழாயின் பிடியோ, பேருந்தின் படியோ, எதுவாயினும் சரி. இப்போது எங்கள் மேசைமேல் இரண்டாம் நெம்புகோலின் படம் கிடக்கிறது. உள்பக்கம் தள்ளும்போது ச-வை இறக்கி நி ஆக்க வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவது கடினம். கணக்கு இன்னும் முடியவில்லை.