ஒன்பதாவது கேள்வி

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து ஆறு ஆண்டுகளாகின்றன. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவிய கைகள், இன்று ஒரு போத்தல் மூடியைத் திறக்க ஆள் தேடுகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. சிரம்பானில் சிகிச்சை, வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் மாத்திரை. மூட்டுக்கு மருந்து கிடைத்தது. மனத்துக்கு?

சென்ற விடுமுறையில் என் கைப்பேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கினேன். தீராத வலியோடு வாழ்பவர்களுக்கான மனநலப் பயிற்சி அது. வலி முற்றும் முன்பே ஓய்வெடுப்பது, மூச்சுப் பயிற்சி, ‘இனி நான் எதற்கும் உதவமாட்டேன்’ என்ற எண்ணத்தைத் தட்டிக் கேட்பது எனச் சிறுசிறு பாடங்கள். மூட்டை அது குணப்படுத்தாது. வலியைச் சமாளிக்கக் கற்றுத் தரும். ஆனால், அதில் ஆங்கிலமும் மலாயும் மட்டுமே இருந்தன. மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

முதலில் பிஎச்கியூ-9 என்னும் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. “மனச்சோர்வு இருக்காம்மா?” என்றேன். அம்மா விழித்தார். “மனசு விட்டுப்போச்சான்னு கேக்குது.”

“அதெல்லாம் ஒன்னுமில்ல பாப்பா.”

தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும், “இந்த வலியில எங்க தூங்குறது?” என்றார்.

செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது ஒன்பதாவது கேள்வி. எனக்கு நா எழவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்ற பயம். நானே ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன்.

அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் அம்மாவின் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

“சில நாளு, காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா தேவலன்னு தோணும். ஒனக்குப் பரீட்சைன்னு சொல்லல.”

இருவரும் அழுதோம். பிறகு, சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற எண்ணை அழைத்தோம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்டால்தான் பாரம் இறங்கும் என்று பேசியவர் சொன்னார். மருத்துவரிடமும் தெரிவித்தோம். இப்போது அம்மா ஆலோசகரைப் பார்க்கிறார். பாடங்களை நான் விடுதியிலிருந்து எங்கள் தோட்டத்துத் தமிழில் பேசிப் புலனத்தில் அனுப்புகிறேன். “நேத்து அனுப்புனத ரெண்டு தரம் கேட்டேன்” என்றார் போன வாரம்.

தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த நண்பர்களே, நம் வீட்டிலும் படிவங்களை நிரப்புபவர்கள் நாம்தானே? ஒன்பதாவது கேள்வியை மட்டும் நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.