நான்கு தந்திகளும் இரண்டு பேரும்

1986 முதல் எங்கள் வீட்டில் ஒரு பாஸ் கிட்டார் இருக்கிறது. அதை வாசிப்பவர்கள் அண்ணன், தம்பி இருவர். அன்றைக்கு எங்களிடமிருந்த பணத்துக்கு ஒன்றுதான், அதுவும் பழையதாகத்தான், வாங்க முடிந்தது. ஒருவர் மேடையேறினால் மற்றவர் கீழே நின்று கேட்பது என்று ஏற்பாடு. ஆகவே அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'நான்' என்ற சொல் கைக்கு வருவதில்லை.

எங்களில் ஒருவர் கணக்கர், மற்றவர் பள்ளி ஆசிரியர். இசையால் பிழைத்தவர்கள் அல்லர். திருச்சியில் முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுக்களுக்கு ஆள் போதாமல் போகும்போது அழைக்கப்பட்டவர்கள். பாடகருக்கு ரசிகர்கள் உண்டு, லீட் கிட்டார் வாசிப்பவருக்கும் உண்டு. பந்தியில் எங்கள் பக்கத்தில் அமர்ந்தவர்களோ, "தம்பி, நீங்க அங்க என்ன வாசிச்சீங்க?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குத் தகுந்த பதிலைத் தேடியதில் முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்துவிட்டன.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பொன்மலை ரயில்வே காலனியில் வசித்த ஆங்கிலோ இந்தியர். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இளமையில் நடன விருந்துகளில் டபுள் பாஸ் வாசித்தவர். ஆளுயர மரப்பெட்டி போன்ற அந்த வாத்தியத்தைத் தூக்கிச் சுமந்த கதைகளை அவர் சொல்வார். 1951இல் லியோ ஃபெண்டர், வீணையைப் போல மெட்டுகள் பதித்து, தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்சார பாஸைக் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்ததைத் தன் முதுகெலும்புக்குக் கிடைத்த விடுதலை என்றே அவர் குறிப்பிடுவார்.

முதல் மூன்று மாதங்கள் அவர் எங்களுக்கு எந்தப் பாட்டையும் சொல்லித்தரவில்லை. ஒரே சுரத்தை, மெட்ரோனோமின் தட்டலுக்கு இம்மியும் முந்தாமலும் பிந்தாமலும் வாசிக்கச் சொன்னார். சலித்துப்போய் ஒருநாள் விரல்களை ஓடவிட்டு வேடிக்கை காட்டினோம். அவர் கோபப்படவில்லை. "உங்களை யாரும் பார்க்க வேண்டாம் பாய்ஸ். நீங்க நிறுத்தினா மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றார். அதன் பிறகுதான் பாடல்களைச் சரியாகக் கேட்கத் தொடங்கினோம் எனலாம்.

பாஸின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்திக்கு இது 82. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கிக்கு அந்த 41ஐ எழுப்பும் வலு கிடையாது. அதன் மேலோசைகள் மட்டுமே வெளியே வருகின்றன. அவற்றைக் கொண்டு அடிச்சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. நாங்கள் கேட்டு வளர்ந்த பாஸ், பாதிக்கு மேல் எங்கள் தலைக்குள்ளேயே ஒலித்தது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது வியப்பாக இருந்தது.

அந்த டிரான்சிஸ்டரில்தான் 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடிய பாடலைக் கண்டுகொண்டோம். மேலே குரலும் கிட்டாரும் போய்க்கொண்டிருக்க, அடியில் பாஸ் வேறொரு மெட்டைத் தனியே பாடிக்கொண்டு நடக்கிறது. அதை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் மனதில் ஓட்டிப் பார்த்தோம். பாட்டு இருந்தது, அது நிற்பதற்கு நிலம் இல்லை. இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் அந்த நிலமாக இருந்தவர் சசிதரன் என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. நாங்கள் வாங்கிய கேசட் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் இருந்ததில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வலக்கையின் ஒற்றை விரலால் பாஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டில் பெயர் அச்சாகும்வரை, கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்றே தெரியாது. 1983இல் காலமானார்.

மேதைகளுக்கே இதுதான் நிலைமை என்று எங்களைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் 1998இல் அந்தத் தேறுதலும் பயன்படவில்லை. நாங்கள் வழக்கமாக வாசித்துவந்த குழுவின் தலைவர் எங்களைத் தனியே அழைத்து, "கீபோர்டிலேயே பாஸ் வந்துடுது தம்பி. தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ஒரு ஆளின் சம்பளம் மிச்சம். அடுத்த கல்யாணத்தில் கீழே நின்று கேட்டோம். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் சொன்னது பொய்த்துப்போன அன்று, வாத்தியத்தை உறையிலிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அது அங்கேயே பதினான்கு வருடங்கள் கிடந்தது.

கட்டில் அம்மாவுடையது. அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பாஸ் பிடிக்காது. "ஏண்டா, தண்ணி மோட்டார் ஓடற மாதிரி இருக்கு. இதுவா பாட்டு?" என்பார். எழுபதைத் தாண்டியபின் அவருக்குக் காது மந்தமானது. முதுமையில் முதலில் தேய்வது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். ச, த போன்ற மெய்களின் கூர்மை மழுங்கிவிடுவதால் என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. அம்மா மெல்ல மெல்ல வானொலியை விட்டார், பிறகு தொலைக்காட்சியை. கடைசியில் எங்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். கேட்கும் கருவியை மாட்டினால் பாத்திரச் சத்தம் தலையைப் பிளப்பதாகச் சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார்.

2012இல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது. உறையைப் பிரித்து, துருவேறிய தந்திகளை மாற்றி, வேலை செய்கிறதா என்று பார்க்க ஆம்ப்ளிஃபயரைக் கட்டில் காலருகே வைத்து வாசித்தோம். கட்டிலில் அமர்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். உள்ளங்கையைக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்தார். "மோட்டார் ஓடுதே" என்றார். சற்றுப் பொறுத்து, "நிறுத்தாதடா" என்றார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தோம். பாடகர் இல்லை, ட்ரம்ஸ் இல்லை. பாட்டின் பாஸ் பகுதி மட்டும். சில நேரங்களில் அம்மா என்ன பாட்டு என்றுகூடக் கண்டுபிடித்தார். பெரும்பாலும் தவறாகத்தான், எங்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. ஒருநாள் பாதியிலேயே கையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, "இன்னைக்கு என்னமோ சரியில்ல" என்றார். சோதித்தோம். இரண்டாம் தந்தி சுருதி இறங்கியிருந்தது. முடுக்கிச் சரிசெய்தபின் கையை மீண்டும் வைத்தார். நாங்கள் வாசித்த காலம் முழுவதிலும், எங்கள் சுருதியைக் குறித்து ஒருவர் சொன்ன குறை அது ஒன்றுதான். இன்றும் அதை விருதாகவே கருதுகிறோம்.

அம்மா 2017இல் காலமானார். காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறன்று வாசிக்கலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. ஒருவர் வேண்டாம் என்றோம், ஒருவர் வாசிக்கலாம் என்றோம். பின்னர் வாசித்தோம். வாசிக்காத மற்றவர் கட்டிலில் அமர்ந்து, சட்டத்தின்மேல் கை வைத்துக் கேட்டார். இப்போதும் அப்படித்தான், முறை மாற்றிக்கொள்கிறோம். ஆம்ப்ளிஃபயர் அதே கட்டில் காலருகே இருக்கிறது.