மஞ்சள் வயர்: சில குறிப்புகள்

திருச்சியில் அத்தான் வீட்டு மாடி அறைக்குப் புரொஜெக்டர் வந்து நாலு மாதம். கிரிக்கெட், தெலுங்குப் படம், பேரனின் கார்ட்டூன் என்று அந்தச் சுவருக்கு ஓய்வே இல்லை. அக்கா மட்டும் மாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, என் கல்யாணக் கேசட்டை இதுல போட்டுக் காட்ட முடியுமா?" ஒரு வயர் வாங்கினால் போதும் என்றேன். மூன்று மாதம் ஆகிவிட்டது.

*

கேசட் இரண்டு. 1993, முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. இரண்டும் மூன்று மணி நேர வி.ஹெச்.எஸ். டெக் என் வீட்டுப் பரணில் இருந்தது, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. எழுத்தில்தான் வி.சி.ஆர்.; எங்கள் தெருவில் அது என்றைக்கும் டெக்குதான். "டெக்கு எடுத்து மூணு படம் போடுறாங்க" என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் விழித்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

இனி புது டெக் வாங்க முடியாது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே பரணில் இருப்பதைத் தூசி தட்டுவதுதான் வழி.

*

டெக்கின் முதுகு: ஏரியல் வயர் போக ஒரு துளை, வர ஒரு துளை, மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. சிவப்பு இல்லை, மோனோ. மஞ்சளில் படம், வெள்ளையில் ஒலி.

புரொஜெக்டரின் முதுகு: ஹெச்.டி.எம்.ஐ. இரண்டு, யு.எஸ்.பி. ஒன்று, ஹெட்போன் துளை ஒன்று. மஞ்சள் எங்கே? தடவித் தடவிப் பார்த்தேன், இல்லை.

அலுவலகங்களில் மாட்டியிருந்த பழைய புரொஜெக்டர்களில் மஞ்சள் துளை இருக்கும். கேசட் பார்ப்பதற்கென்றே ஒருவர் புரொஜெக்டர் வாங்குவதானால் (அப்படி ஒருவர் இருந்தால்) செகண்ட் ஹேண்டில் அதைத் தேடுவதே புத்திசாலித்தனம். அத்தானிடம் இதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. சில சின்னப் புரொஜெக்டர்களில் ஹெட்போன் துளை மாதிரியே ஏ.வி. துளை இருக்கும். அதற்கான வயரின் நுனியில் மூன்று கறுப்பு வளையம். அந்த வளையங்கள் பிரிக்கும் உலோகத் துண்டுகளில் எதில் படம், எதில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமராவுக்கு வந்த வயரைச் செருகினால் ஒலி வரவேண்டிய இடத்தில் படம் "ர்ர்ர்" என்று உறுமும். வயரில் பழுது இருக்காது, வரிசைதான் வேறு.

*

சென்னை ரிச்சி தெருவில் ஒரு டப்பா வாங்கினேன். ஏ.வி.யை ஹெச்.டி.எம்.ஐ. ஆக்குவது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹெச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்குவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விலை. தலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறது, அதன் திசைதான் வித்தியாசம். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணாடி போடாமல் போனது நான்.

இரண்டாவது டப்பா சரியானது. அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். புரொஜெக்டரின் யு.எஸ்.பி. துளையில் செருகியபோது மினுக் மினுக் என்றது. போன் சார்ஜரில் செருகியதும் நிலையாக எரிந்தது.

கேசட்டைப் போட்டேன். சுவர் முழுக்க நீலம். ஒலி மட்டும் வந்தது, நாதஸ்வரம்.

*

அந்த நீலத்தைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. எழுதி வைக்கிறேன்.

டெக்குக்குள் நாடா ஊர்ந்துதான் போகிறது, நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் சொச்சம். ஆனால் அது சுற்றி வளைத்துப் போகும் உருளை, 62 மில்லிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. உருளையில் எதிரெதிராக இரண்டு ஹெட். ஒவ்வொன்றும் நாடாவின் மேல் சாய்வாக ஒரு கோட்டை உரசிப் படிக்கும். ஒரு கோட்டில் அரைப் படம். நொடிக்கு 50 கோடு. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான். நம் தலைமுடி பெரும்பாலும் அதைவிடத் தடிமன்.

இத்தனையும் ரப்பர் பெல்ட்டையும் சின்ன மோட்டாரையும் நம்பி நடக்கிறது. நாடா ஓர் இழை தளர்ந்தாலும் படத்தின் ஒரு வரி கொஞ்சம் முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். முப்பது வருஷம் பரணில் வெந்த நாடாவுக்குக் கேட்கவே வேண்டாம்.

பழைய பிக்சர் டியூப் டிவிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வரி எப்போது வருகிறதோ அப்போது கதிரை நகர்த்தும். பிந்தி வந்தால் பிந்தி ஆரம்பிக்கும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி, யார் எப்போது வந்தாலும் இலை போட்டுவிடும். இந்த டப்பா அப்படி இல்லை. கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது. நாலு வரி தாமதமாக வந்தால் கதவைச் சாத்தி நீலத்தைக் காட்டிவிடுகிறது.

இதற்கென்றே டைம் பேஸ் கரெக்டர் என்று ஒரு கருவி உண்டு. தள்ளாடி வரும் வரிகளை வாங்கி, நேராக நிறுத்தி, வெளியே அனுப்பும். டிவி நிலையங்களில் இருந்தது. உயர் ரக எஸ்-வி.ஹெச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே உண்டு. நமக்கு அது கட்டுப்படியாகாது. ஏழைக்கேற்ற வழி, டிவிடி ரெக்கார்டர். டிவிடி பிளேயர் இல்லை, பதிவு செய்கிற ரெக்கார்டர். டெக்கின் மஞ்சளை அதில் கொடுத்து, அதன் வெளிவழியை டப்பாவுக்குக் கொடுத்தால், சில மாடல்கள் போகிற போக்கிலேயே வரிகளைச் சீராக்கிவிடும்.

*

ஆனால் எங்கள் நீலத்துக்குக் காரணம் இத்தனை பெரிய தத்துவம் இல்லை என்றார் மெக்கானிக்.

மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறது வயது. இப்போது மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு பார்க்கிறார். டெக்கைப் பார்த்ததும் கையிலிருந்த மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஹெட்டு அடைச்சிருக்கு சார். கேசட்டு எங்க, காட்டுங்க."

வெளிச்சத்தில் பிடித்துக் கதவைத் திறந்து காட்டினார். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர் அடித்தது மாதிரி.

"பூஞ்சை. இதைப் போட்டீங்கன்னா டெக்குக்குத் தொத்தும். அப்புறம் அந்த டெக்குல போடுற எல்லாக் கேசட்டுக்கும் தொத்தும். சொறி நாய் சாவகாசம் மாதிரி."

முகூர்த்தக் கேசட்டில் லேசாகத்தான் இருந்தது, வரவேற்பில் நிறைய. நல்ல வேளை, முதலில் போட்டது முகூர்த்தம். நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்துத் தந்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து.

ஹெட் துடைக்கும் முறை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல். தோலை ஹெட்டின் மேல் அழுத்தாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் உருளையைச் சுற்ற வேண்டும். தோல் நகரக் கூடாது. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் பெயர்ந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி கூடவே கூடாது, இழை மாட்டிக்கொள்ளும். அப்பா அந்தக் காலத்தில் வெள்ளைத் தாளை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பார் என்றேன். "அப்படித்தான் சார் பாதி டெக்கு என்கிட்ட வந்துச்சு" என்றார்.

பெல்ட் மாற்றினார். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தது, அதை உப்புத்தாளில் லேசாக உரசினார். பணம் கொஞ்சம்தான் வாங்கினார்.

எந்த வயர் நல்லது என்று கேட்டேன், தங்கமுலாம் போட்டதா, தடியானதா? "ஒண்ணரை மீட்டருக்கு எதைப் போட்டா என்ன சார்? அதுல போற சங்கதியே அவ்வளவுதான்."

*

படம் வந்தது!

எல்லோரும் குண்டாக இருந்தார்கள். மாப்பிள்ளை, நாதஸ்வரக்காரர், வாழைமரம் உட்பட. "நான் அப்பவேவா இப்படி இருந்தேன்?" என்றாள் அக்கா. இல்லை. பழைய படத்தின் வடிவம் 4:3. டப்பா அதை 16:9-க்கு இழுத்து நிரப்பி அனுப்புகிறது. புரொஜெக்டரின் மெனுவில் 4:3 என்று மாற்றியதும் அக்காவுக்கு 22 வயது இடுப்பு திரும்பி வந்தது.

*

படத்தின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, கோணல்மாணலாகத் துடித்துக்கொண்டே இருக்கும். பழுது இல்லை. ஒரு ஹெட் முடித்து மறு ஹெட் ஆரம்பிக்கிற இடம் அது. எல்லா டெக்கிலும் எந்நாளும் இருந்ததுதான். பழைய டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து, ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும். புரொஜெக்டருக்குச் சட்டம் ஏது? சுவரில் அந்த அளவுக்குக் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டினேன்.

*

இந்தக் குறிப்புகளில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: படத்தைச் சின்னதாக்குங்கள்.

எங்கள் சுவரில் விழுவது 100 அங்குலப் படம். நாலடி உயரம். இந்தக் கேசட்டை முதலில் போட்டுப் பார்த்தது 21 அங்குல டிவியில். 4:3-க்கு ஒதுங்கிய படத்தை மட்டும் கணக்கிட்டாலும் பரப்பளவில் ஏறக்குறைய 15 மடங்கு. கேசட்டிலோ குறுக்கே சுமார் 240 கோடு நுணுக்கம்தான் இருக்கிறது. நிறத்துக்கு அதிலும் சொற்பம், 40 கோடு சொச்சம். அதனால்தான் கூரைப்புடவையின் சிவப்பு புடவைக்கு வெளியே வழிந்து பக்கத்தில் நிற்பவர் வேட்டியில் ஏறுகிறது. 21 அங்குலத்தில் அது தெரியாது. நாலடியில் தாலி தெரியவில்லை, ஏதோ மஞ்சள் மேகம் நகர்கிறது.

வீடியோக்காரர் பேரிலும் கொஞ்சம் பங்கு உண்டு. தோளில் கேமரா, பின்னால் லைட் பாய். அந்த விளக்கு முகத்தில் அடித்தால் ஒரே வெள்ளை; பெண்ணின் மூக்குத்தி, மூக்கு, நெற்றி எல்லாம் ஒன்று. கூசிக் கண்ணை மூடாத உறவினர் ஒருவர்கூட அந்தக் கேசட்டில் இல்லை.

புரொஜெக்டரை ஸ்டூலில் வைத்துச் சுவருக்கு அருகே தள்ளினேன். நாற்பத்தைந்து அங்குலம். விளக்கைச் சிக்கனத்தில் வைத்து, ஷார்ப்னெஸ் என்பதை அடியோடு குறைத்தேன். (கூட்டினால் படம் கூர்மையாகாது, இரைச்சல்தான் கூர்மையாகும்.) முகங்கள் திரும்பி வந்தன. அத்தானுக்கு மனத்தாங்கல்: "இதுக்கு டிவியிலயே பாத்திருக்கலாமே?" பாத்திருக்கலாம்.

*

எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா கேள்விப்பட்டு ஒரு பையோடு வந்தார். "தம்பி, இதுகளும் கலியாணக் கொப்பிதான், போட்டுப் பாக்க ஏலுமோ?" மூன்று பிள்ளைகள், மூன்று ஊர். லண்டன் கேசட் வண்ணத்தில் ஓடியது. பாரிஸ் கேசட் கறுப்பு வெள்ளையில் ஓடியது. டொரன்டோ கேசட் நிற்கவே இல்லை, உருண்டுகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தும் இந்தியாவும் இலங்கையும் பால் முறை, பிரான்ஸ் செகாம், கனடா என்.டி.எஸ்.சி. மூன்றையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக்குகள் வந்தன, எங்களுடையது அந்த ஜாதி இல்லை. மூத்த மகளின் கல்யாணத்தை அந்த அம்மா இன்னும் முழுசாகப் பார்த்ததில்லையாம்.

*

ஒலியை வெள்ளை வயரிலிருந்து நேராக ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்தேன். ஐயர் வாய் திறப்பதற்குள் மந்திரம் முடிந்துவிடுகிறது. டப்பாவும் புரொஜெக்டரும் படத்தை ஜீரணிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். ஒலியையும் டப்பா வழியே அனுப்பிப் புரொஜெக்டரிலிருந்து எடுத்ததும் சரியாயிற்று.

*

டப்பாவே தேவையில்லை என்பது கடைசியில்தான் உறைத்தது. டெக்கிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கேப்சர் வயர் லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. புரொஜெக்டருக்கு. பார்க்கும்போதே பதிவும் ஆகிவிடும். ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள் போதும். அதில் பால் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், 720-க்கு 576. முப்பது வருஷத்து நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் உதிர்கிறது. பதிவு செய்யாமல் ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். நான் ஏழெட்டுத் தடவை ஓட்டிய பிறகுதான் இதைச் செய்தேன்.

*

சித்திரை முதல் தேதி சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்பாயி ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், தாம்பாளத்தோடு, இடமிருந்து வலம், நாலு நொடி. அக்கா அதை மூன்று முறை ரீவைண்டு செய்யச் சொன்னாள். லேப்டாப்பில் பதிவானது இருக்கிறது, டெக்கைத் தொடாதே என்றேன்.

கேசட் முடிவில் சும்மா கிடந்த நாடாவில் அப்பா டிவியில் வந்த 'ஒளியும் ஒலியும்' பதிவு செய்திருக்கிறார். அழிக்க முடியாதபடி ஸ்டுடியோக்காரர் உடைத்துக் கொடுத்திருந்த மூலைக்குச் செல்லோடேப் ஒட்டி. ஐந்து பாட்டு. கல்யாணத்தைவிட அதற்குத்தான் வீட்டில் வரவேற்பு அதிகம்.

*

வரவேற்புக் கேசட் இன்னும் மெக்கானிக்கிடம் இருக்கிறது. பூஞ்சையை எடுத்துவிட்டார், ஆனால் அது வேறு கேமராவில் எடுத்ததாம், ஹெட்டை நாடாவின் கோட்டோடு பொருத்தும் டிராக்கிங்கைத் திருப்பினால்தான் படம் நிற்கும். எங்கள் டெக்கில் டிராக்கிங் பொத்தான் ரிமோட்டில் மட்டும்தான். ரிமோட்டை எப்போதோ பழைய சாமானோடு போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் டெக் இருந்தால், ரிமோட்டை முதலில் தேடி எடுத்து அதனோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.