எதிர்க்காற்றும் என் கணக்கும்

ஆற்றில் படகு செல்லும் கணக்கைப் பள்ளியில் போடாதவர் நம்மில் யார், தோழர்களே? நானும் போட்டேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். இக்கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு விமானம் ஓட்டக் கற்கப் போன இடத்தில் அதே கணக்கு என்னைத் தலைகுனிய வைத்தது.

ஆடி மாதம். அம்மியே பறக்கும்போது, இருவர் மட்டும் அமரும் செஸ்னா 152 எம்மாத்திரம்! தென்மேற்கே 150 கடல்மைல் போய், இறங்காமல் திரும்ப வேண்டும். விமானத்தின் வேகம் மணிக்கு 100 கடல்மைல், எதிர்க்காற்று 25. போகும்போது இழப்பதை வரும்போது காற்றே திருப்பித் தந்துவிடும் என்றெண்ணி, மொத்தம் 3 மணி நேரம் என எழுதினேன். எரிபொருள் 3 மணி 50 நிமிடத்துக்கு இருந்தது. கையிருப்பாக வைக்க வேண்டிய 45 நிமிடம் போக, 5 நிமிடம் மிச்சம். பயிற்சியாளர் தாளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஏறிக்கொண்டார்.

பாதி வழி அடையாளமான ஏரி 45-ஆவது நிமிடத்தில் வரவேண்டும். வரவில்லை. வழி தவறிவிட்டோமா? வயிற்றைப் பிசைந்தது. வேகமானியைப் பார்த்தேன், முள் 100-இல் நின்றது. (உயரத்துக்கான சிறு திருத்தத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.) முள் பொய் சொல்லவில்லை. இறக்கைக்கடியில் உள்ள குழாயில் வந்து மோதும் காற்றை மட்டுமே அது அறியும். விமானத்தை வானில் தாங்குவதும் அந்த வேகந்தான். ஆனால், தரைமீது நாம் எவ்வளவு தூரம் கடந்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஏரி வந்தபோது சரியாக ஒரு மணி ஆகியிருந்தது.

"வரும்போது ஈடாகிவிடும், சார்" என்றேன்.

"போட்டுப் பாரப்பா" என்று பென்சிலை நீட்டினார்.

போக, 75 வேகத்தில் 2 மணி. வர, 125 வேகத்தில் 1 மணி 12 நிமிடம். மொத்தம் 3 மணி 12 நிமிடம்! எதிர்க்காற்றில் நெடுநேரம் கிடக்கிறோம். துணைக்காற்றில் சிறிது நேரமே இருக்கிறோம். பிறகெப்படி ஈடாகும்? காற்று 50 ஆனால் 4 மணி. 100 ஆனால் போய்ச் சேரவே மாட்டோம். கையிருப்பில் 7 நிமிடத்தை என் தாள் தின்றிருந்தது.

"முடிவு உன்னுடையது" என்றார் அவர்.

மாதக்கணக்கில் காத்திருந்த பயணம்; அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம். ஏரியின்மேல் ஒரு வட்டமிட்டுத் திரும்பினேன்.

ஒரு மணி நேரம் போன வழியை 36 நிமிடத்தில் கடந்து வந்தோம். முள் அப்போதும் 100-இலேயே நின்றது.