ஓர் ஈயைப் போலச் செய்தல்



அல்லாஹ்வையன்றி மனிதர் அழைப்பவை அனைத்தும் ஒன்றுகூடினாலும் ஓர் ஈயைக்கூடப் படைக்க இயலாது என்று சூரா அல்ஹஜ்ஜின் 73-ஆம் வசனம் உணர்த்துகிறது. மக்தபில் அதை விளக்கும்போது, தூண்டில்காரர்கள் செய்யும் போலிப் பூச்சியைச் சான்றாகக் கூறுவது என் வழக்கம்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்னும் மீன் உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன் அது. 1907-இல் அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. நீர்ப்பூச்சிகளை விரும்பி உண்ணும் அம்மீனைப் பிடிக்க, முள்ளின்மீது இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலச் செய்வார்கள். ஓடைக் கல்லைப் புரட்டியும் கரையோரச் சிலந்தி வலையைப் பார்த்தும் அன்று வெளிவரும் பூச்சி எதுவென அறிவார்கள். பின்னர் அளவு, உருவம், நிறம் ஆகியவற்றைப் பொருத்திப் போலியைத் தேர்ந்தெடுப்பார்கள். மீன் நீருக்கடியில் இரை தேடினால் மூழ்கும் போலி. மேற்பரப்பில் தேடினால் மிதக்கும் போலி. இவ்வளவு செய்தும், நூல் சற்றே இழுபட்டுப் பூச்சி நீரோட்டத்துக்கு மாறாக நகர்ந்தால் மீன் விலகிவிடும்.

இக்கலை பழமையானது. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்ற உரோமானிய எழுத்தாளர் மாசிடோனியா நாட்டு மீனவர்களைப் பற்றி எழுதியுள்ளார். உண்மையான பூச்சியைக் கை தொட்டாலே நிறம் கெட்டு இறகு வாடிவிடும்; ஆதலால் அவர்கள் சிவப்புக் கம்பளி நூலையும் சேவலின் இரண்டு இறகுகளையும் முள்ளில் கட்டினார்களாம். ஒரு பூச்சியை வாடாமல் கையாளவும் மனிதனால் இயலவில்லை. படைத்தவனின் வல்லமைக்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

ஒருநாள் இதைச் சொல்லி முடித்ததும், பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், அது மீனை ஏமாத்துறதுதானே? எங்க அத்தா எண்ணூர் முகத்துவாரத்துல ரப்பர் மீனைக் கட்டித்தான் கொடுவா பிடிக்கிறாங்க. அதை நாங்க சாப்பிடலாமா?" என்று கேட்டான். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். நீரில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதை சூரா அல்மாயிதாவின் 96-ஆம் வசனம் கூறுகிறது. வலையும் தூண்டிலும் அந்த வேட்டையின் கருவிகள். நபி (ஸல்) அவர்கள் கண்டித்த மோசடி வேறு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. அதை மறைத்து விற்றவரையே கண்டித்தார்கள். அங்கே வாங்குபவர் விற்பவரை நம்பி நிற்கிறார். மீனுக்கும் நமக்கும் அப்படியோர் ஒப்பந்தம் இல்லை. ஆகவே அவனுடைய அத்தா கொண்டுவரும் மீன் ஹலால்.

எனினும் ஓர் எல்லை உண்டு. உயிருள்ளதைக் குறிவைத்து விளையாடும் இலக்காக ஆக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உண்ணும் எண்ணமே இன்றி, மீனின் வாயில் முள் ஏற்றித் துடிப்பதைக் கண்டு மகிழும் பொழுதுபோக்கைப் பார்க்கும்போது எனக்கு அந்த எச்சரிக்கையே நினைவுக்கு வருகிறது. தேவைக்குப் பிடிப்போம், பிடித்ததை வீணாக்காமல் உண்போம்.

சூரா அல்அஃராஃபில் வரும் கடலோர ஊராரையும் எண்ணிப் பாருங்கள். வெள்ளியன்றே வலை விரித்து, சனிக்கிழமை அதில் சிக்கிய மீனை ஞாயிறன்று அள்ளினார்கள் என விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். மீனை வலையில் சிக்கவைத்ததற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. இறைக் கட்டளையைத் தந்திரத்தால் கடக்க முயன்றதற்காகவே தண்டிக்கப்பட்டார்கள்.

தட்டில் இருக்கும் மீன் எப்படி வந்தது என்று ஒரு சிறுவன் கேட்டான். வட்டிக் கடனும் மறைத்து விற்ற பொருளின் இலாபமும் நம் தட்டுக்கு வரும்போது, பெரியவர்களாகிய நாமும் அப்படிக் கேட்கிறோமா? உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் தயவுசெய்து அதட்டாதீர்கள். உட்காரவைத்து விடை சொல்லுங்கள்.

ஹலாலான உணவையும் அதைப் பற்றிக் கேட்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.