நான்கு வரிச் செய்தி

பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமையில் இருந்த காலத்தில், ஒரே மாதிரியான செய்தி ஒன்று ஆண்டுதோறும் சில தடவைகளேனும் என் மேசைக்கு வரும். உழவு இயந்திரத்தின் சுழலும் பகுதியில் உடுத்திருந்த சாரம் சிக்குண்டு விவசாயி ஒருவர் பலி. வயது, ஊர், பொலிஸ் விசாரணை என அதை நான்கு வரிகளுக்குள் சுருக்கி உட்பக்கத்தில் சேர்த்துவிடுவேன். ஒரு முழத் துணி எவ்வாறு ஒரு மனிதனை இழுத்துச் செல்லும் என்று எந்தச் செய்தியாளரிடமும் நான் கேட்டதில்லை.

அதற்கான விடை யாழ்ப்பாணத்தில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் எனக்காகக் காத்திருந்தது.

2022 ஆம் ஆண்டு டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கொட்டிலுக்குள் ஒதுங்கிய எங்கள் லான்ட்மாஸ்டரை, நிலைமை சீரான பின்னர் வெளியே எடுத்தோம். எஞ்சின் குறைவின்றி இயங்கியது. ஆனால் சுழல் கலப்பை செம்மண்ணில் இறங்கியதும் கத்திகள் நின்றுபோயின. எஞ்சின் மாத்திரம் இரைந்துகொண்டிருக்க, றப்பர் கருகும் மணம் எழுந்தது. பலம் பிறக்கிறது, ஆனால் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை.

அயலில் இருக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் பலத்தைக் கொண்டுசெல்லும் பெல்ட்டுகளின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கின. "பெல்ட் பிடிக்கிறது பக்கத்தாலை, தம்பி. தேய்ஞ்சு அடியிலை முட்டினால் வழுக்கத்தான் செய்யும்" என்றார். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே முழுச் சுமையையும் தாங்கி விரைவில் கெட்டுவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றச் சொன்னார்.

புதியவற்றைப் பூட்டியதும் எஞ்சினைத் தாங்கும் நட்டுகளைத் தளர்த்தி, அதை முன்னோக்கி நகர்த்தி, முடிந்தவரை இழுத்து இறுக்கினேன். அவர் சிரித்தார். அதிகம் இறுக்கினால் பெல்ட் வழுக்காது. ஆனால் பெயாரிங் போய்விடும். நடுவில் பெருவிரலால் அழுத்தும்போது ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். இரண்டு கப்பிகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். புதிய பெல்ட் சில மணித்தியாலங்கள் ஓடியபின் சற்று இளகும், அப்போது மறுபடியும் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

பிறகு எஞ்சினை இயக்கினேன். பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் குனிந்தேன். அடுத்த கணம் என் தோளில் ஒரு கை விழுந்து என்னைப் பின்னால் இழுத்தது. மற்றக் கையால் அவர் எஞ்சினை நிறுத்தினார். என் சாரத்தின் தொங்கல் கப்பியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"மூடி எங்கை?"

பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய தகரம் கொட்டிலின் பின்புறம் புல்லுக்குள் கிடந்தது. ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டுவது சிரமம் என்று பல ஆண்டுகளுக்கு முன்னர் அதைக் கழற்றிப் போட்டவன் நான்தான்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் சூடடிக்கும் இயந்திரம் போன்றவற்றை இயக்கும் சுழல்தண்டை ஓட்டுநர்கள் பி.ரி.ஓ. என்பார்கள். அதன் வழமையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றுகள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: ஒரு செக்கனுக்கு ஒன்பது. துணியின் நுனி அதில் சுற்றிக்கொண்டால், "ஐயோ" என்று வாய் திறக்குமுன்னரே துணி முழுவதும் தண்டில் சுற்றப்பட்டிருக்கும். பிறகு இழுபடுவது உடம்பு.

துருவைச் சுரண்டி, புதிய நட்டுகள் வாங்கி, மூடியை அன்று மாலையே பூட்டினேன். அதற்குக் கால்மணி நேரம்கூடச் செல்லவில்லை. அந்த நான்கு வரிச் செய்திகளில் எதிலாவது, மூடி இருந்ததா என்று ஐந்தாவது வரி ஒன்றை நான் எழுதியிருக்கலாம்.