அத்தையின் இரண்டாவது கப்பல் – 3

கோமுட்டர் ரயிலில் போர்ட் கிள்ளானுக்கு டிக்கெட் எடுத்தால் கப்பலடியிலேயே போய் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் புறப்படாதீர்கள். ரயில் போய் நிற்கும் பெலாபுவான் கிள்ளான் நிலையம் பழைய துறைமுகத்தின் வாசலில் இருக்கிறது. உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் முனையமோ பூலாவ் இண்டா தீவில். பெட்டி படுக்கையோடும் வயதானவரோடும் இறங்கி, அதற்குமேல் வாடகைக் கார் தேடி அலைய வேண்டும். ரந்தாவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ புறப்படுகிறவர்கள் நேராகக் காரில் போய்விடுவதே மேல். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், லாரி நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தையை உல்லாசக் கப்பலுக்கு அழைத்துப் போன நாங்கள் இதைத் தெரிந்தே பழைய துறைமுகத்துப் பக்கம் வண்டியை விட்டோம். அத்தை கேட்டுக்கொண்டார். 1951-ல் ஆறு வயதுப் பிள்ளையாக, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிய இடம் அது. அப்போது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-ல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. வேலிக்கு வெளியே காரை நிறுத்தினோம். அத்தை கண்ணாடியை இறக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "அம்மா தலையில ட்ரங்குப் பொட்டி. என் கையில ஒரு தூக்குவாளி. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

அவர் வந்த கப்பல் ரஜூலா. எங்கள் தோட்டங்களில் இந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஓட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதே தடத்தில் ஓடியது. தொடக்கத்தில் மேல்தட்டுப் பயணிகளாக மட்டும் 5,000-க்கு மேற்பட்டவர்களை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. மேல்தட்டு என்றால் அறையில்லை, கட்டிலில்லை. பாய் விரித்த இடம்தான் வீடு. 1973-ல் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. பிறகு எம்.வி. சிதம்பரம் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே முறையாக ஓடிய பயணிகள் கப்பலும் நின்றுபோனது.

ரஜூலா ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததோடு நிற்கவில்லை, திரும்பவும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் இறுகியபோது எத்தனையோ குடும்பங்கள் தோட்டங்களைவிட்டு ஊர் திரும்பின. லின்சம் தோட்டத்தில் அத்தையின் லயத்தில் மட்டும் மூன்று வீடுகள் காலியாகினவாம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கப்பல் விடுமுறையைப் பற்றி எங்கள் மக்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் யோசனையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அறை, சாப்பாடு, விலை எல்லாவற்றுக்கும் முன்னால், உடன் வரும் பெரியவரின் அடையாள அட்டை என்ன நிறம் என்று பாருங்கள். நீல அட்டை என்றால் குடிமகன், கடப்பிதழ் எடுக்கலாம். சிவப்பு அட்டை என்றால் நிரந்தரவாசி, மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. பினாங்குக்குத்தானே போகிறோம், உள்நாடுதானே என்று இருந்துவிடாதீர்கள். அதே கப்பல் சிங்கப்பூரையும் தொடும். கடப்பிதழ் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். அதுவும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. அத்தையோடு ஐம்பது வருடம் ஒரே நிரையில் பால்மரம் வெட்டிய தோழி ஒருவரையும் சேர்த்துத்தான் பதிவு செய்திருந்தோம். ரந்தாவில் தரைவீட்டில் மகனோடு இருக்கிறார். இந்த மண்ணிலேயே பிறந்தவர். பிறப்புப் பத்திரம் கிராணி ஆபீசில் இருக்கிறது என்று நம்பிக் காலத்தைக் கழித்துவிட்டு, எண்பதை நெருங்கும் வயதிலும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார். முன்பணம் வாங்கிய பயண முகவர் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடப்பிதழ் எண் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பணம் போனால் போகிறது, புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்த அந்த அம்மாவிடம் போய்ச் சொன்ன நாளை மறக்க முடியவில்லை. "பரவால்ல, நீங்க போய்ட்டு வாங்க. நான் அடுத்த கப்பல்ல வர்றேன்" என்றார். எங்கள் பெரியவர்கள் எத்தனையோ பேர் இப்படி அட்டையின் நிறத்தால் கரையிலேயே நின்றுவிட்டார்கள். இருக்கிறவர்களுக்காவது குடியுரிமை மனுவைத் தேடிப் பிடித்து முடித்துக் கொடுக்க வேண்டியது நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. கப்பல் பிறகு போகலாம்.

சரி, பூலாவ் இண்டாவுக்கு வருவோம். 1993-ல் கெந்திங் குழுமம் ஸ்டார் குரூசஸ் தொடங்கிய பிறகுதான் உல்லாசக் கப்பல் என்ற சொல்லே நம் ஊர்ப் பத்திரிகைகளில் விளம்பரமாக வர ஆரம்பித்தது. அந்த வருடங்களில்தான் எங்கள் பக்கத்தில் ரப்பர் சாய்ந்து செம்பனை ஏறியதும், தோட்டங்கள் வீடமைப்புக்குப் போனதும். சூப்பர்ஸ்டார் விர்கோ என்ற கப்பலின் படத்தைக் காலண்டரிலிருந்து வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டியவர்கள் உண்டு. ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. 2022 ஜனவரியில், ஸ்டார் குரூசஸை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனமே நொடித்துப்போனது. பெரிய கம்பெனியாயிற்றே என்ற நம்பிக்கையில் ஒரு வருடத்துக்கு முன்பே முழுப்பணத்தையும் ரொக்கமாகக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கடன் அட்டையில் கட்டுங்கள், ரத்துக்கும் சேர்த்துப் பயணக் காப்புறுதி எடுங்கள். வயதானவர் வந்தால் அந்தக் காப்புறுதியில் கப்பலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவும் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். கப்பல் வைத்தியரிடம் நம் கிளினிக் கட்டணம் செல்லாது.

விளம்பரத்தில் போடும் வெள்ளி ஆளுக்கு, அறைக்கு அல்ல. அதுவும் ஒரே அறையில் இருவர் இருந்தால்தான் அந்த விலை. துறைமுகக் கட்டணம் தனி. சேவைக் கட்டணம் என்று ஒவ்வோர் இரவுக்கும் தலைக்கு ஒரு தொகை கடைசி நாள் பில்லில் வந்து உட்காரும். சேமநிதிப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்தில் அடக்கம். குளிர்பானமும் காசு கொடுத்துச் சாப்பிடும் தனிக் கடைகளும் அடக்கமல்ல. அத்தை செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. அதைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தோம். சோறும் பருப்பும் கிடைத்தது. காலையில் பசியாற ஏழு மணிக்கே போய்விடுங்கள். எட்டரைக்குப் போனால் உட்கார இடமிருக்காது.

அறையைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இளைஞர்கள் ஜன்னல் இல்லாத உள்ளறையில் படுத்துக்கொள்ளலாம். பெரியவர்களை அதில் அடைக்காதீர்கள். இரவா பகலா என்று தெரியாமல் தடுமாறிவிடுவார்கள். பால்கனி தேவையில்லை, கடல் தெரிகிற ஜன்னல் போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் நம் கரையும் காக்கிற கடல். பெரிய அலை வருவதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் 'சுமத்ரா' என்று சொல்கிற காற்றுமழை சில சமயம் அடிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

யாரும் எச்சரிக்காத ஒன்று, குளியலறை வாசற்படி. தண்ணீர் வெளியே வராமல் இருக்க உயர்த்தி வைத்திருக்கிறார்கள், கணுக்கால் உயரம் இருக்கும். முதல் இரவே அத்தையின் கால் அதில் இடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தப் படியின்மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்தேன். இரவு விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளை கண்ணில் பட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைப்பார். அறைச் சாவி அட்டையைக் கழுத்தில் மாட்டச் சொல்லிப் பட்டைக் கயிறு கொடுத்தார்கள். அத்தை அதைக் கழற்றி, அட்டையை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார். மூன்று நாளும் அது தொலையவில்லை. கயிற்றில் மாட்டிய என் அட்டைதான் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

புறப்படுவதற்கு முன் அபாயப் பயிற்சிக்கு எல்லாரையும் கூப்பிடுவார்கள். ஏழு குட்டை ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். அந்த நேரத்தில் நீச்சல் குளத்தில் இடம்பிடிக்க ஓடாதீர்கள். சிதம்பரத்தின் கதை தெரிந்த நாம் அப்படி ஓடக்கூடாது. அறையிலிருந்து அந்த இடத்துக்கு மின்தூக்கி இல்லாமல் படியில் இறங்கிப் பெரியவரை ஒருமுறை நடத்திப் பாருங்கள்.

மறுநாள் காலை பினாங்கு. இங்கே கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவை வாங்க வேண்டாம். சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் மடியிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் மணிக்கூண்டு. விக்டோரியா ராணி அறுபதாண்டு ஆண்டதற்கு ஆண்டுக்கு ஓரடியாக அறுபதடியில் எழுப்பியது. அங்கிருந்து மெதுவாக நடந்தாலே லிட்டில் இந்தியா வந்துவிடும். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் அத்தை ஒரு சூடம் ஏற்றினார். ரஜூலாவில் வந்தபோது முதலில் கண்ணில் பட்ட கரை பினாங்குதான் என்று அவருடைய அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்தக் காலத்தில் எத்தனையோ பேரை ஊருக்குள் விடாமல் தடுத்து வைத்த ஜெரஜாக் தீவு தெற்கே பாலத்துப் பக்கம் இருக்கிறது. இவ்வளவு உயரமான கப்பல் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. வடக்கு வாயில் வழியாகவே வந்து போவதால் அந்தத் தீவை நாங்கள் பார்க்கவில்லை.

புக்கெட் போகிற பயணங்களும் உண்டு. பெரியவர்களோடு என்றால் வேண்டாம் என்பேன். பாத்தோங்கில் கப்பல் கரையை அணையாது. ஆடுகிற சிறு படகில் இறங்கிப் போக வேண்டும். அங்கே கடிகாரமும் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். எந்த ஊரில் இறங்கினாலும் கப்பலின் நேரத்தைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், கப்பல் உங்களுக்காக நிற்காது. தூரமாகப் போக வேண்டிய ஊர்களில் மட்டும் கப்பலின் பேருந்தில் போங்கள். அது தாமதமானால் காத்திருப்பார்கள்.

கைப்பேசியைக் கரை மறைந்ததும் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கடலில் பிடிக்கும் அலைவரிசை கப்பலுடையது, அது செயற்கைக்கோள் வழிப் போகிறது. என் தங்கை மகன் இரண்டு வீடியோ பார்த்ததற்கு அந்த மாதம் வந்த பில்லில் இன்னொருவர் பயணம் போயிருக்கலாம்.

சிங்கப்பூரில் அத்தை இறங்கவில்லை, கால் வீங்கியிருந்தது. நானும் கூடவே இருந்துவிட்டேன். கடைசி இரவு வடக்கே திரும்பினோம். நீரிணையில் கப்பல்கள் சாலையில் போவதுபோல் தத்தம் பக்கத்தில்தான் போகவேண்டும். வடக்கே வரும்போது நம் கரை வலப்பக்கம், கிட்டத்தில். தெற்கே போகும்போது எட்டத்தில். நெகிரி செம்பிலான்காரர்கள் இதை மனதில் வைத்து அறை கேளுங்கள். விடிவதற்கு முன் அத்தையை எழுப்பி, ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, எட்டாம் தளத்தின் திறந்த நடைபாதைக்கு அழைத்துப் போனேன். ஆள் நடமாட்டமே இல்லை. காற்று உப்பாக இருந்தது.

இருட்டில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. தஞ்சோங் துவான். 1863-லிருந்து நிற்கும் கலங்கரை விளக்கம். பின்னால் போர்ட் டிக்சன் எண்ணெய் ஆலையின் விளக்குகள் மஞ்சளாகப் படர்ந்திருந்தன. பள்ளி விடுமுறையில் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே போர்ட் டிக்சனுக்குப் போவோம். இந்த விளக்கம் நிற்கும் குன்றின் மேல் ஏறி, தூரத்தில் ஊர்ந்துபோகும் கப்பல்களை எண்ணுவோம். அதை அத்தையிடம் சொன்னேன்.

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் அடிப்பதை ஏழெட்டு முறை பார்த்தார்.

"அங்க இருந்து பாத்தா நாம தெரிவமா?"

"தெரிவோம் அத்தை. விளக்கு போட்ட கப்பலாத் தெரியும்."

"ரந்தாவுல அவ இந்நேரம் எந்திரிச்சிருப்பா. தோட்டத்துல காலையில பெரட்டுக்குப் போன உடம்பு, இன்னிக்கும் நாலரைக்கு முழிச்சுக்கும்." முந்தானை முடிச்சைத் தடவினார். "போன் போட முடியுமாம்மா?"

கரை வரட்டும் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கிள்ளானுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

(தொடரும்)